அயர்லாந்துக்கு நேரே 'வரும்'

உங்க டோக்கன் என்ன நம்பர் சார்? நூத்தி நாப்பத்தாறா. எனக்கு நூத்தி நாப்பத்தொண்ணு. போர்டுல இப்போதான் நூத்திப் பதினெட்டு ஓடுது. எப்படியும் ஒரு மணி நேரத்துக்கு நாம ரெண்டு பேரும் இந்த நாற்காலியை விட்டு அசைய முடியாது. போனை வாசல்லயே வாங்கி வெச்சுட்டான். என் கைப்பையையும் வாங்கிக்கிட்டான், கண்ணாடி அதுக்குள்ள போயிடுச்சு. இனிமே பேசறதைத் தவிர வேற வேலை இல்ல.

எங்க போறீங்க? அயர்லாந்தா? அட, நானும் அதுக்குத்தான். பேரனுக்கு முதல் பிறந்த நாளா? நல்லது, நல்லது. வீட்டம்மா வரலியா? ஓ, அவங்க அம்மாவைப் பாத்துக்கணுமா. அப்போ உங்களுக்கு விசா கிடைச்ச மாதிரிதான் சார். விசாவுக்குக் குடுக்கற கடுதாசியில மறக்காம அதை எழுதியிருக்கீங்கல்ல? 'என் மனைவி இங்கேதான் இருக்கிறாள்'னு. திரும்பி வர்றதுக்கு அதைவிடப் பெரிய ஆதாரம் ஒண்ணும் கிடையாது.

எனக்கு இது ரெண்டாவது தடவை. போன நவம்பர்ல கேட்டேன், இல்லைன்னுட்டான். காரணம் என்னன்னா, நான் திரும்பி வருவேங்கறதுக்கு ஆதாரம் போதாதாம். சொல்றது யார்கிட்ட? என்கிட்ட. பதினாலு வருஷம் வேற வேலையே பாக்கல சார் நான், வருமா வராதா, அதுக்கு ஆதாரம் உண்டா இல்லியா, இதே வேலைதான். என்கிட்டயே ஆதாரம் போதலன்னு ஒரு தாளை நீட்டறான்.

இந்தத் தடவையும் இல்லைன்னா என்ன பண்றதுன்னு தெரியல. என் பையன் பரிதி அங்க இருக்கான். அவன்கிட்ட ஒரு விஷயம் நேர்ல சொல்லணும். போன்ல சொல்லலாமேன்னு நினைக்காதீங்க. போன்லதான் கெடுத்தேன். மூஞ்சியைப் பாத்துச் சொல்லணும், சொல்லிட்டு அவன் என்ன திட்டினாலும் எதிர்ல நின்னு வாங்கிக்கணும்.

அது இருக்கட்டும். என் பேரு திருஞானம், வீடு குரோம்பேட்டை. சோழிங்கநல்லூர்ல ஒரு அமெரிக்கக் கம்பெனியோட ஆபீஸ். பேரு வேண்டாம், விடுங்க. உலகம் பூரா நாப்பத்தொரு நாட்டுல கடை விரிச்சிருக்காங்க. அந்த நாப்பத்தொரு நாட்டு வருமான வரிக் கணக்கும் எங்க ஏழாவது மாடியிலதான் தயாராகும். மூணு மாசத்துக்கு ஒருதரம். ஒன்பது பேர் டீம், நான் தலைவர். ஒரு எழுத்து, சார். ஒரே ஒரு எழுத்துக்காக வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. இதை யார்கிட்ட சொன்னாலும் நம்பமாட்டேங்கறாங்க.

சொல்றேன் கேளுங்க, ஒண்ணும் கஷ்டம் இல்ல. அமெரிக்காவில இருக்கிறது தாய்க் கம்பெனி. மத்த நாட்டுல இருக்கிறதெல்லாம் பிள்ளைக் கம்பெனி. அயர்லாந்துப் பிள்ளை நூறு ரூபா லாபம் பாக்குதுன்னு வைங்க. அங்க வரி பன்னிரண்டரை ரூபா, கட்டியாச்சு. அதே லாபம் தாய்கிட்ட வந்துச்சுன்னா அமெரிக்காக்காரனுக்கு முப்பத்தஞ்சு கட்டணும், அப்போ இருந்த சட்டம் அப்படி. அங்க கட்டினதைக் கழிச்சா பாக்கி இருபத்திரண்டரை. அதை எப்போ கட்டணும்? பணம் ஊருக்கு வர்ற அன்னைக்கு. ஆனா கணக்குல எப்போ எழுதணும்? வரப்போகுதுன்னு மனசுல நினைச்சாலே எழுதணும். பணம் அங்கயேதான் கிடக்கும், ஒரு பைசா அசைஞ்சிருக்காது. வரும்னு நினைச்சா இந்த வருஷ லாபத்துல இருபத்திரண்டரை போச்சு. வராது, அங்கயே கிடந்து அங்கயே வளரும்னு சொல்லிட்டா ஒண்ணும் எழுத வேண்டாம், லாபம் முழுசா நிக்கும்.

எல்லாமே உத்தேசம்தான் சார். அதுக்காக வாயால 'வராது'ன்னு சொன்னா ஆடிட்டர் விட்டுடுவானா? ஆதாரம் கேப்பான். அங்க நிலம் வாங்கியிருக்கியா, கட்டடம் எழுப்பறியா, ஆள் சேக்கறியா, இங்க தாய்க்குப் பணமுடை ஏதும் இல்லியா, எல்லாத்தையும் காட்டணும். கடைசியா அந்த நாட்டு மேனேஜர் ஒரு கடுதாசியில கையெழுத்துப் போடணும். 'ஈட்டிய லாபத்தைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவரும் உத்தேசம் எதுவும் எங்களுக்கு இல்லை'ன்னு. அந்தக் கடுதாசியை எழுதறது நான். தாயை விட்டா மீதி நாப்பது நாடு, வார்த்தை மாறாம வருஷா வருஷம் நாப்பது கடுதாசி. அவங்க கையெழுத்து மட்டும்தான். உங்க மனசுல உண்மையில என்ன இருக்குன்னு ஒருத்தரையும் நான் கேட்டது கிடையாது. கேக்கற வழக்கமே இல்ல.

நூத்தி இருபத்து நாலு. ஜன்னல்ல இருக்கிற பொண்ணு பரவால்ல, வேகமாத்தான் தள்ளுது.

கணக்குத் தாள்ல அந்த நாப்பது நாடும் வரிசையா இருக்கும். ஒவ்வொண்ணுக்கும் நேரே ஒரு காலம். வரும்னா இங்கிலீஷ் எழுத்து 'ஒய்', வராதுன்னா 'என்'. எங்க டீம்ல அதுக்குப் பேரே வரும்-வராது காலம். ஒருநாள் வீட்டுல இருந்து போன்ல பேசிட்டிருந்தேன், என் வீட்டுக்காரி மங்கை கேட்டுட்டா. 'அது என்னங்க, வருங்காலம் தெரியும், வராத காலம்னு வேற ஒண்ணு இருக்கா'ன்னா. அந்தக் காலம் இல்ல மங்கை, இது கட்டம், மேலயிருந்து கீழ வர்ற கட்டம்னேன். அப்புறம் உங்ககிட்ட சொன்ன மாதிரி அவகிட்டயும் விளக்கினேன். கீரையை ஆஞ்சுக்கிட்டே கேட்டுட்டு, 'பிள்ளை சம்பாதிச்சது தாய்க்கு வராதுன்னு குரோம்பேட்டையில உக்காந்து நீங்களா எழுதிடுவீங்களாக்கும்'னா. நான் சிரிச்சேன். அவளுக்கு வாய் ஜாஸ்தி சார், ஆனா தப்பாப் பேசமாட்டா.

போன வருஷம் ஜூலை எட்டாம் தேதி. ஜூன் முடிஞ்ச கணக்கை மேல அனுப்ப வேண்டிய நாள். அயர்லாந்துக்கு நேரே 'என்' இருக்கணும். 'ஒய்' அடிச்சுட்டேன். போயும் போயும் அயர்லாந்து. வேற ஏதாவது சின்ன நாடா இருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. நாப்பது கோடி டாலர் கிடந்தது சார் அங்க. அதுல இருபத்திரண்டரை பங்கு, ஒன்பது கோடி டாலர். ஒரு எழுத்துல கம்பெனி லாபத்துல ஒன்பது கோடி டாலர் காலி.

எனக்குக் கீழ ரோஸ்லின்னு ஒரு பொண்ணு. அவதான் சரிபாக்கணும். நான் தப்பே பண்ணாத ஆள்னு நம்பி, அவளும் பாக்காம டிக் போட்டுட்டா. அவளைக் குத்தம் சொல்லமாட்டேன். மூணு நாள் கழிச்சு அமெரிக்காவிலேர்ந்து மார்கரெட் கூப்பிட்டா. வரி இலாகாவுக்கே தலைவி அந்தம்மா. குரலை உசத்தல. 'திரு, அயர்லாந்துப் பணம் வரப்போகுதுன்னு உங்கிட்ட யார் சொன்னது?'ன்னா. யாரும் சொல்லல, கை தவறிடுச்சுன்னேன்.

அழிச்சுட்டு எழுதினா தீந்ததுன்னுதானே நினைக்கிறீங்க? அங்கதான் சிக்கல். அதுக்குள்ள ஆடிட்டர் பாத்துட்டான். மத்த தப்புன்னா திருத்திடலாம். இது உத்தேசம் சம்பந்தப்பட்டது. உங்க ஆளே 'வரும்'னு எழுதியிருக்கானே, அப்போ உங்க மனசு மாறிடுச்சா, எப்போ மாறுச்சு, யார் மாத்தினதுன்னு துருவ ஆரம்பிச்சுட்டான். பதினாலு வருஷமா நான் எழுதின கடுதாசியை எல்லாம் வெளிய எடுத்தாங்க. கணக்கு வெளிய வர்றதுக்கு முன்னாடி ஒருவழியா ஒப்பேத்தினாங்கன்னு வைங்க. ஆனா அத்தனை பேரும் என்னைக் கேட்டது ஒரே கேள்விதான். அந்த எழுத்தை அடிக்கும்போது உன் மனசுல என்ன இருந்தது? ஒண்ணும் இல்ல, கவனக்குறைவுன்னு எழுதிக் குடுத்தேன். ஆகஸ்டுல ராஜினாமா வாங்கிக்கிட்டாங்க. பதினாலு வருஷம் சார், ஒருநாள் லேட்டாப் போனதில்ல.

என்ன கேட்டீங்க? நீங்களும் அதையே கேக்கறீங்களே.

ஒண்ணும் இல்ல. போன் பேசிட்டிருந்தேன். அவ்வளவுதான்.

மங்கைகூட.

ஆஸ்பத்திரியில இருந்தா அவ. அஞ்சு நாளா இருந்தா. மூச்சு வாங்குதுன்னு தாம்பரத்துல சேத்தோம், நுரையீரல்ல தண்ணி கோத்திருக்குன்னாங்க. டாக்டரைக் கேட்டேன். 'அறுபது சதவீதம் நல்லாயிடும், பாப்போம்'னார். உங்களுக்கு அது எப்படிக் கேக்குதோ தெரியாது. எங்க தொழில்ல பாதிக்கு மேலன்னா முழுசு சார். ஐம்பத்தொண்ணு இருந்தாலே நடக்கும்னு எழுதிடலாம், விதியே அப்படித்தான். அறுபதுன்னதும் எனக்கு நிம்மதி ஆயிடுச்சு. மீதி நாப்பதுன்னு ஒண்ணு இருக்கிறதையே நான் பாக்கல. ஆபீஸ்ல ஒருத்தர்கிட்டயும் சொல்லல. கணக்கு முடிக்கிற வாரம், இதைப் போய் என்னன்னு சொல்றதுன்னு விட்டுட்டேன்.

அந்த எட்டாம் தேதிக்கு முந்தின நாள் பரிதி கூப்பிட்டிருந்தான். 'அப்பா, நான் வரட்டுமா? வரணும்னா இப்பவே சொல்லுங்க. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் குடுக்கணும், குடுத்துட்டா மூணு வாரத்துக்கு கைக்கு வராது'ன்னான். தெளிவாக் கேட்டான் சார். இதைவிட ஒரு பிள்ளை எப்படிக் கேப்பான்? நான்தான், 'எதுக்குப்பா, சாதாரண மூச்சிரைப்பு, வியாழக்கிழமை வீட்டுக்கு வந்துடுவா, நீ பாஸ்போர்ட்டைக் குடு'ன்னேன். 'அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுங்கப்பா'ன்னான். கேட்டாச்சு, அவளும் வேண்டாம்னுட்டான்னு சொன்னேன்.

கேக்கல. அவளை நான் கேக்கவே இல்ல.

மறுநாள் மத்தியானம் மங்கை, நர்ஸம்மாவோட போனை வாங்கி ஆபீஸுக்குப் பேசறா. நான் தாளைத் திறந்து வெச்சுட்டு ஒவ்வொரு நாடா இறங்கிட்டிருக்கேன். 'ஏங்க, பரிதி வருவானா?'ன்னா. வருவான்னேன். 'நிஜமாவா?'ன்னா. வருவான்னு சொல்றேன்லன்னேன். சொல்லும்போது கட்டம் அயர்லாந்துல நின்னுட்டிருந்தது. வாய் சொன்னதை விரல் அடிச்சிடுச்சு.

இதை நான் மார்கரெட்கிட்ட எப்படிச் சொல்றது? ரோஸ்லின் பின்னாடி விஷயம் தெரிஞ்சு வீட்டுக்கு வந்து அழுதா. 'ஒரு வார்த்தை சொல்லியிருந்தா யாரும் உங்களை அனுப்பியிருக்க மாட்டாங்களே சார்'னா. வாஸ்தவம்தான். ஆனா சொல்லணும்னா முழுசாச் சொல்லணும். வருவான்னு யார்கிட்ட சொன்னேன், வராதேன்னு யார்கிட்ட சொன்னேன்னு ரெண்டையும் சொல்லணும்.

நூத்தி முப்பத்திரண்டு. உங்களுக்குக் குளிருதா? எனக்கு நேரா அடிக்குது ஏசி. இப்படித் தள்ளி உக்காந்துக்கறேன்.

அதுக்கப்புறம் பதினோரு நாள் இருந்தா. சாயங்காலம் நாலு மணிக்குத்தான் உள்ள விடுவாங்க. போனதும் முதல் கேள்வி அதுதான். இன்னைக்கு வர்றானா? நாளைக்கு, நாளன்னைக்குன்னு தள்ளினேன். டிக்கெட் கிடைக்கலன்னேன், லீவு குடுக்கலன்னேன். ஒருநாள் அவளே, 'தலையை வாரிவிடுங்க, பொட்டு வெச்சு விடுங்க. பிள்ளை அத்தனை தூரத்துலேர்ந்து வந்து என்னை இந்தக் கோலத்துல பாக்கக் கூடாது'ன்னா. வாரிவிட்டேன் சார். முப்பத்தி ரெண்டு வருஷத்துல அவ தலையை நான் வாரினது அன்னைக்கு ஒருநாள்தான். வகிடு கோணலாப் போச்சு. அவன் வரமாட்டான்னு தெரிஞ்சுக்கிட்டே உக்காந்து வாரிவிட்டேன்.

அப்பக்கூட அவனைக் கூப்பிட்டு வந்துடுடான்னு சொல்லியிருக்கலாம். பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்க ஏதாவது வழி பாத்திருப்பான். ஒவ்வொரு நாளும் அவன் கேக்கத்தான் செஞ்சான், நான் பரவால்லன்னுதான் சொன்னேன். ஒரு தடவை பரவால்லன்னு எழுதிட்டா மாத்தறது கஷ்டம். ஏன் மாத்தினேன்னு கேப்பாங்க.

பத்தொம்பதாம் தேதி காலம்பர போயிட்டா.

அவனால வர முடியல. பாஸ்போர்ட் கையில இல்ல. என் மச்சினர்தான் போனைத் தூக்கிப் பிடிச்சிருந்தார், அவன் அங்கிருந்து பாத்தான். கொள்ளி நான்தான் வெச்சேன். ஒத்தைப் பிள்ளை உயிரோட இருக்கும்போது.

எல்லாம் முடிஞ்சு மூணாம் நாள் கூப்பிட்டான். அவன் என்னைக் குத்தம் சொல்லல. ஏன் மறைச்சீங்கன்னு கேக்கல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான். 'அப்பா, அம்மா என்னைக் கேட்டாங்களா?'

இல்லப்பா, கேக்கலன்னு சொல்லிட்டேன்.

அவன் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொன்னேன் சார். அப்படித்தான் அன்னைக்கு நினைச்சேன். அம்மா தினம் கேட்டான்னு சொன்னா, அப்புறம் ஏன் என்னைக் கூப்பிடலன்னு அடுத்த கேள்வி வருமே. என்னைக் காப்பாத்திக்கத்தான் சொன்னேன். இதை ஒத்துக்கறதுக்கு எனக்கு மூணு மாசம் ஆச்சு.

இப்போ அவன் என்ன நினைச்சுட்டிருக்கான் தெரியுமா? அம்மா போற நேரத்துல தன்னைத் தேடலன்னு நினைச்சுட்டிருக்கான். வாரத்துக்கு ஒரு மெசேஜ் வரும். 'சாப்பிட்டீங்களா?' சாப்பிட்டேன்னு போடுவேன். அதோட சரி. நவம்பர்லயே போயிருந்தா அப்பவே சொல்லி முடிச்சிருப்பேன். ஆதாரம் போதலன்னுட்டாங்க. ஜூலையில வருஷத் திதி வருது. அதுக்குள்ள அவன் எதிர்ல உக்காந்து, 'தினம் கேட்டாடா, உனக்காகத் தலை வாரிக்கிட்டாடா, நான்தான் பொய் சொன்னேன்'னு சொல்லிடணும். அந்தப் பிள்ளை இன்னொரு வருஷம் அந்த நினைப்போட இருக்கக் கூடாது.

நூத்தி முப்பத்தெட்டு. கிட்ட வந்துட்டோம். சார், ஒரு உதவி. இந்தக் கடுதாசியை ஒரு தடவை படிச்சுப் பாருங்களேன். நானேதான் இங்கிலீஷ்ல அடிச்சேன், நேத்து. கண்ணாடி இல்லாம எனக்கு எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி தெரியுது. எதுக்காகப் போறேன், எத்தனை நாள் இருப்பேன், திரும்பி வருவேன், எல்லாம் வரிசையா எழுதியிருக்கேன். ஆதாரம் கீழ. வீட்டு வரி ரசீது, கரண்ட் பில், பேங்க் புத்தகம். உங்களுக்கு வீட்டம்மா இருக்காங்க. எனக்கு வீட்டு வரி ரசீது இருக்கு.

என்ன சார் அப்படிப் பாக்கறீங்க? தப்பா ஏதாவது?

நாலாவது வரியா? எங்க, குடுங்க. கொஞ்சம் தள்ளிப் பிடிச்சாத் தெரியும். 'மூன்று வாரம் என் மகனுடன் தங்கிய பின்'... சரியாத்தானே இருக்கு... 'தாய்நாட்டுக்குத் திரும்பி வரும் உத்தேசம் எதுவும் எனக்கு இல்லை.'

நானா எழுதினேன் இதை?

கை சார். பதினாலு வருஷம் ஒரே வாக்கியம் அடிச்ச கை. உத்தேசம்னு ஆரம்பிச்சதும் அதுவாவே இல்லைன்னு முடிச்சிருக்கு. கீழ கையெழுத்து வேற போட்டிருக்கேன் பாருங்க. நல்லவேளை நீங்க பாத்தீங்க. இதைக் கொண்டுபோய் அந்த ஜன்னல்ல நீட்டியிருந்தா, ஆதாரமே கேட்டிருக்க மாட்டாங்க.

மனசுல என்ன இருந்ததுன்னு மட்டும் கேட்டுடாதீங்க. அந்த வீட்டுல நாலு மணியானா எனக்கு இன்னும் செருப்பை மாட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும் போலத்தான் இருக்கு. அந்த வீட்டுக்குத் திரும்பி வரணும்னு எழுதறதுக்கு என் கைக்கே மனசு இல்ல போலிருக்கு.

பேனா வெச்சிருக்கீங்களா? குடுங்க. 'நோ'ங்கற அந்த ஒரு வார்த்தையைக் கோடு போட்டு அடிச்சாப் போதும், மத்தது சரியாயிடும். அடிச்ச இடத்துல ஒரு கையெழுத்துப் போடணும், அதெல்லாம் எனக்குத் தெரியும்.

அயர்லாந்துக்கு நேரே 'வரும்'னு நான் எழுதறது இது ரெண்டாவது தடவை சார். போன தடவை எழுதினதை நம்பி ஒருத்தி தலை வாரிக்கிட்டு உக்காந்திருந்தா.

நூத்தி நாப்பத்தொண்ணா? கூப்பிட்டுட்டாங்க, நான் போறேன். பேனாவை எடுத்துட்டுப் போறேன் சார், அங்க இன்னும் எங்கயாவது கையெழுத்துக் கேப்பாங்க. நீங்க இங்கயே இருங்க. முடிஞ்சதும் கொண்டுவந்து தர்றேன். வருவேன் சார்.